வீணையும் கிற்றாரும்: மரமும் நாதமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையிற் பழுத்த அறிவுடையோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையிலே, கல்லூரிப் படியைத் தாண்டிப் பல்கலைக்கழகத்திற் புகுந்து சில ஆண்டுகளே ஆன யாம் வாத்தியங்களைப் பற்றிப் பேச எழுந்தது துணிச்சலே. ஆயினும் பாடும் திறத்தைப் பற்றி யாம் பேச வரவில்லை. பாடுகின்ற மரத்தைப் பற்றியே பேச வந்தோம். மரத்தைப் பற்றிப் பேசக் கண்டியிற் பிறந்த எவருக்கும் ஓரளவு உரிமை உண்டென்று பெரியோர் பொறுத்தருள்வீர்களாக.

இவ்விடயத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சங்கத்துப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு நடத்த வாத்தியம் வாங்கவேண்டும் என்ற யோசனை சில காலமாக நம்மிடையே இருந்து வருகிறது. அதில் மூன்று கட்சிகள் உண்டு. பணம் திரட்டித் தஞ்சாவூரிலிருந்து சித்திரவேலை நிறைந்த ஏகாண்ட வீணை ஒன்றை வரவழைக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. அது சபைக்கு அழகு. சரஸ்வதி பூசைக்கும் சிறப்பு என்பர். இக்காலப் பிள்ளைகள் விரும்புவது கிற்றாரையே, ஆகவே நல்ல கிற்றார் ஒன்றை வாங்குக என்பது மற்றொரு கட்சி. கிற்றார் அந்நிய வாத்தியம், அது நம் வாசற்படியை மிதிக்கலாகாது என்பது மூன்றாவது கட்சி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாட்டும் கிற்றார் ஓசையும் கேட்டு வளர்ந்து, வீட்டிலே தேவாரமும் வீணையும் கேட்டு வளர்ந்த எம்போன்றவர்களுக்கு இம்மூன்று கட்சியும் நெருக்கமானவையே. எனவே சண்டையை விலக்கி வைத்து, இரண்டு வாத்தியங்களையும் மேசைமேல் வைத்து, அவற்றின் மரம் எது, நாதம் எப்படிப்பட்டது, மேற்பூச்சு என்ன செய்கிறது என்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் ஓர் அடிப்படை. கம்பியை மட்டும் இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி மீட்டினால் அடுத்த அறைக்குக் கேளாது. மெல்லிய கம்பி காற்றை அசைக்கும் வலியற்றது. கம்பியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கு இறங்கவேண்டும். பலகை அகலமானதாதலால் அது காற்றை அசைக்கும். அப்பொழுதே நாதம் பிறக்கும். ஆகவே தந்திவாத்தியம் எதுவாயினும் அதன் குரல் மேற்பலகையிலும் குதிரையிலுமே முதலிற் பிறக்கிறது. இதனை மறவாதிருந்தால் பின்னர்ச் சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

இனிக் கிற்றாரைப் பார்ப்போம். அதன் மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரம். அலாஸ்காக் கரையோரத்துச் சிற்கா ஸ்புரூஸ் இன்று மிகுதியாக வழங்குகிறது. அம்மரம் எடை குறைந்தது. ஆனால் நாரோட்டத்தின் வழியே மிக விறைப்பானது. இலேசும் விறைப்பும் ஒருங்கே அமைதல் அரிது. அவ்வருமையே ஸ்புரூஸின் பெருமை. பலகையின் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மாத்திரமே. உருக்குக் கம்பி ஆறும் சேர்ந்து அதனை ஏறத்தாழ 160 இறாத்தல் விசையோடு இழுக்கின்றன. அவ்விழுவையைத் தாங்குவதற்காகப் பலகையின் உட்புறத்தே மெல்லிய சட்டங்கள் ஒட்டப்படும். பெருக்கற்குறி வடிவிலே அச்சட்டங்களை அமைக்கும் முறையை அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1840களிற் கையாண்டது. உருக்குக் கம்பிக் கிற்றார்களில் இன்றும் பெரும்பாலும் அம்முறையே வழங்குகிறது.

மார்ட்டின் நிறுவனம் 1833ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே தொடங்கிப் பின்னர்ப் பென்சில்வேனியாவில் நாசரேத் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. பெரிய வயிறும் கனத்த குரலும் உடைய 'டிறெட்நோட்' என்னும் கிற்றார் வடிவம் 1916இல் அவர்கள் பட்டறையிற் பிறந்தது. அக்காலத்துப் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அவ்வடிவத்தில் இரண்டு கிற்றார்கள் புகழ்பெற்றவை. டி-18 என்பதன் முதுகும் பக்கமும் மஹோகனி. டி-28 என்பதன் முதுகும் பக்கமும் றோஸ்வூட். மஹோகனிக் கிற்றாரின் குரல் நேரானது, தெளிவானது, ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்பது என்பர். றோஸ்வூட் கிற்றாரின் குரல் ஆழமானது, மேலே மணியோசை போன்ற மினுக்கமும் உடையது என்பர்.

இந்த றோஸ்வூட் எங்கிருந்து போகிறது? முன்னாளிற் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து போயிற்று. அந்நாடு மரக்குற்றிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, 1969ஆம் ஆண்டில் மார்ட்டின் நிறுவனம் இந்திய றோஸ்வூட்டுக்கு மாறியது. இந்திய றோஸ்வூட் என்பது வேறெதுவுமன்று. தென்னிந்திய மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரமே அது. தோதகத்தி என்றும் அதனைக் கூறுவர். நம்மவர் கட்டிலும் அலுமாரியும் செய்த அதே மரம் நாசரேத்திலே கிற்றாராகிறது. 'கிற்றார் முற்றிலும் அந்நியம்' என்போர் இதனையும் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். பிரேசில் மரத்தின் வாணிபம் 1992 முதல் உலக உடன்படிக்கையால் ஏறத்தாழ முற்றாகத் தடைப்பட்டது. 2017இல் அவ்வினத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2019இல், ஈட்டி முதலியவற்றாற் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் அது தளர்த்தப்பட்டது.

இனி ஒரு முக்கியமான கேள்வி. முதுகிலும் பக்கத்திலும் உள்ள விலைமரம் உண்மையாகவே குரலை மாற்றுகிறதா? இதற்கு இரண்டு சான்றுகள் கூறுவோம்.

ஸ்பெயின் நாட்டில் அன்ரோனியோ டி தொறெஸ் என்னும் பெருங் கைவினைஞர் இருந்தார். இன்றைய கிற்றாரின் உருவத்தை வகுத்தவர் அவரே. அவர் 1862இல் ஒரு விந்தை செய்தார். மேற்பலகையை நல்ல ஸ்புரூஸிற் செய்து, முதுகையும் பக்கத்தையும் கடதாசி அட்டையாற் செய்து ஒரு கிற்றாரை ஆக்கினார். மேற்பலகையே உயிர் என்று காட்டுவதே அவர் நோக்கம். அக்கிற்றார் பார்சலோனா நகர் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரண்டாவது சான்று அண்மையது. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே கைவினைஞர், ஒரே வடிவில், ஒரேவகை மேற்பலகையோடு ஆறு கிற்றார்கள் செய்தார். முதுகும் பக்கமும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்கள். அவற்றுள் விலை மிக்க பிரேசில் றோஸ்வூட்டும் உண்டு. இந்திய றோஸ்வூட்டும் உண்டு. எளிய சப்பேலி மரமும் உண்டு. 52 வாசிப்போர் மங்கிய ஒளியிலே, மரத்தின் நிறம் தெரியாவண்ணம் கறுத்த கண்ணாடி அணிந்து அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். ஆறுக்கும் கிடைத்த மதிப்பு ஏறக்குறைய ஒன்றே. விலை உயர்ந்த மரத்திற்கு ஒருவரும் முடிசூட்டவில்லை. கண் மூடியபொழுது காது நடுநிலைமையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டது என்க.

அதனால் மரம் முக்கியமன்று என்று கூறலாமா? கூறலாகாது. மேற்பலகை மரமும் அதன் தடிப்பும் உட்சட்டமும் மிக முக்கியம். செய்பவன் கை அதனினும் முக்கியம். ரெய்லர் என்னும் மற்றோர் அமெரிக்க நிறுவனத்தார் 1995இல், சாமான் அடுக்கும் கழிவுச் சட்டப்பலகையின் ஓக் மரத்தைக் கொண்டு ஒரு கிற்றார் செய்து கண்காட்சியில் வைத்தனர். அது நன்றாகவே ஒலித்தது. குப்பைமரமும் வல்லவன் கையிற் பாடும் என்பதே அதன் பாடம்.

இனி நம் வீணைக்கு வருவோம். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்திலே, அதாவது 1600க்கும் 1634க்கும் இடைப்பட்ட காலத்திலே, 24 மெட்டுக்கள் உடைய இன்றைய வீணை உருப்பெற்றது என்பர். வாசிக்கும் தந்தி நான்கு, தாளத்துக்கும் சுருதிக்கும் பக்கத்தந்தி மூன்று, ஆக ஏழு. குடம், தண்டி, யாளிமுகம், பிருடை, குதிரை, சுரைக்காய் என்பன அதன் உறுப்புக்கள். மரம் பலா. தஞ்சைக் கைவினைஞர் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவைப் பெரிதும் விரும்புவர். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திரத்திலே பொப்பிலி வீணைக்கும் தனிப்பெயர் உண்டு, அதுவும் பலாவே. மைசூர்ப் பக்கத்தில் ஈட்டி மரத்தாலும் வீணை செய்வர்.

பலாவை ஏன் தேர்ந்தார்கள்? பலா நடுத்தரக் கனம் உடையது, கறையான் எளிதில் அரிக்காதது, உளிக்கு இணங்குவது, நன்கு உலர்ந்தபின் திருகாமல் நிற்பது. புதிதில் மஞ்சளாக இருந்து ஆண்டு செல்லச் செல்லச் செம்பழுப்பாகும். ஸ்புரூஸைவிடக் கனமான இம்மரத்தைக் குடமாகக் குடைந்து, தடித்த மேற்பலகை இட்டு மூடுவர். இதனால் ஒரு பெரிய வேறுபாடு விளைகிறது. கிற்றாரின் மெல்லிய பலகை கம்பியின் வலிமையை விரைந்து வாங்கி விரைந்து செலவிடும். ஆதலால் ஓசை உரத்தது, ஆனால் சீக்கிரம் அடங்கும். வீணையின் கனத்த உடல் கம்பியின் வலிமையைச் சிறிது சிறிதாகவே வாங்கிச் செலவிடும். ஆதலால் ஓசை மெல்லியது, ஆனால் நெடிது நிற்கும். ஊதாரிக்கும் சிக்கனக்காரனுக்கும் உள்ள வேறுபாடே இது!

அந்த நெடிய ஓசை நமக்கு ஏன் வேண்டும்? கமகத்திற்காக. வீணையின் மெட்டுக்கள் தண்டிக்கு மேலே உயர்ந்து மெழுகில் நிற்கின்றன. தந்தியை மெட்டின்மேற் பக்கவாட்டில் இழுத்து ஒரே மீட்டிற் பல சுரங்களைத் தொட்டுவரலாம். தந்தி சீக்கிரம் அடங்கிவிட்டால் இழுத்துப் பயன் என்ன? கிற்றாருக்கோ ஆறு தந்தியையும் ஒருங்கே தடவி எழுப்பும் சுரக்கூட்டமே உயிர். ஒரு கூட்டம் அடங்கி அடுத்த கூட்டத்திற்கு இடம் விடவேண்டும். ஆகவே ஒவ்வொரு வாத்தியத்தின் மரமும் அவ்வவ் இசையின் தேவைக்கேற்ப அமைந்தது. ஒன்றை மற்றொன்றின் அளவுகோலால் அளப்பது நாழியால் துணி அளப்பது போன்றதாகும்.

குதிரையிலும் ஒரு நுட்பம் உண்டு. கிற்றாரின் குதிரையில் தந்தி குறுகிய விளிம்பொன்றின்மேற் கிடக்கிறது. வீணைக் குதிரையின்மேல் அகன்ற உலோகத் தகடு உண்டு; தந்தி அதன் மெல்லிய வளைவை உரசிக்கொண்டே அதிர்கிறது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து 1930இல் நொபெல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன், தம் இளமையிலே இதனை ஆராய்ந்து 1921இல் எழுதினார். ஒரு தந்தியை எவ்விடத்தில் மீட்டுகிறோமோ அவ்விடத்தில் அசையாப் புள்ளியுடைய மேற்சுரங்கள் ஒலிக்கலாகாது என்பது மேனாட்டு விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவை ஒலிக்கின்றன என்று அவர் கண்டார். காரணம் அந்த வளைந்த தகடே. வீணைக்கு அந்த நிறைவான நாதத்தைத் தருவதிற் பெரும்பங்கு இத்தகட்டைத் தேய்த்துப் பதம் பார்க்கும் கைக்கு உரியது.

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நிகழ்ந்தது. சுவாமி விபுலானந்தர் மட்டக்களப்பிலே கிறித்தவப் பள்ளியிற் படித்தவர். யாழ்ப்பாணத்திலே கிறித்தவக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். அந்த விஞ்ஞானக் கண்ணோடு பழந்தமிழ் யாழைப் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். மேனாட்டுக் கல்வி நம் கலையை மறக்கச்செய்யும் என்று அஞ்சும் பெரியோருக்கு, அக்கல்வியே நம் கலையை அளந்துகாட்டவும் உதவும் என்பதற்கு அப்பெரியாரே சான்று.

இனி ஏகாண்ட வீணையும் ஒட்டு வீணையும். குடம், தண்டி, யாளிமுகம் மூன்றும் ஒரே மரத்துண்டில் அமைவது ஏகாண்டம். தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு. ஏகாண்டத்துக்குப் பெரிய, பிளவற்ற மரம் வேண்டும். ஆகவே விலை மிகுதி. ஒட்டில்லா உடலில் நாதம் தடையின்றி ஓடும் என்பது வைணிகர் பலரின் துணிபு. அத்துணிபை யாம் இகழோம். ஆனால் கிற்றாரைப் பாருங்கள்: அது முழுவதும் ஒட்டே. எத்தனையோ துண்டுகள் பசையால் இணைந்தே உலகப் புகழ்பெற்ற குரல் பிறக்கிறது. ஆகவே ஒட்டு குற்றமன்று. இளகிய ஒட்டே குற்றம். பொருத்து இறுகிய ஒட்டு வீணை, சரியாக உலராத ஏகாண்டத்தைவிட மேலானது.

மேற்பூச்சைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பூச்சின் வேலை மரத்தை ஈரத்திலிருந்தும் வியர்வையிலிருந்தும் காப்பது. ஆனால் பூச்சுக்கும் எடை உண்டு. தடித்த பூச்சு மெல்லிய பலகையின் அசைவை அடக்கிவிடும். ஆதலால் உயர்ந்த கிற்றார்களில் பூச்சு மிக மெல்லியதாகவே இருக்கும். பழைய முறை அரக்குப் பூச்சு. இந்தியாவிலே பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி ஈன்ற அரக்கை மதுசாரத்திற் கரைத்துத் துணியால் நூறுமுறை தேய்த்து ஏற்றுவர். அது குரலுக்கு நல்லது. ஆனால் வெப்பத்துக்கும் வியர்வைக்கும் தாங்காது. பின்னர் வந்த நைத்திரோசெலுலோசுப் பூச்சு அழகாகப் பழகும். ஆண்டு செல்ல மஞ்சளித்து வெடிக்கும். இக்காலப் பொலியூரித்தேன் பூச்சு வலியது. மெல்லியதாகப் பூசினால் மிக நன்று, மலிவுக் கிற்றாரிற் போலத் தடிப்பாகப் பூசினால் குரல் போர்வைக்குள் இருந்து பேசும்.

அரக்கு வேலை நமக்குப் புதிதன்று. மாத்தளைப் பக்கத்து ஹப்புவிடையில் நிறமூட்டிய அரக்கைச் சூட்டிலே நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாற் பதித்துச் சித்திரம் ஆக்கும் சிங்களக் கைவினைஞர் பரம்பரை உண்டு. அவ்வேலை கண்ணுக்கு விருந்து. அவர்கள் அதனைக் கைத்தடிக்கும் ஆலவட்டக் காம்புக்கும் இடுகின்றனர். அங்கே அலங்காரத்துக்கு இடம் உண்டு. பாடும் பலகைக்கு மேலே இல்லை.

அலங்காரமும் விலையும் பற்றி ஒரு கணக்கு. மார்ட்டின் நிறுவனத்தார் 1933இல் ஜீன் ஓட்றி என்னும் பாடகருக்காக டி-45 என்ற கிற்றாரை முதன்முதற் செய்தனர். டி-28க்கும் அதற்கும் மரம் ஒன்று, வடிவம் ஒன்று. விளிம்பு முழுவதும் பதித்த சிப்பியோட்டு வேலையே பெரும் வேறுபாடு. விலையோ பன்மடங்கு! வீணையிலும் முன்னாளில் யானைத்தந்தமும் மான்கொம்பும் பதித்தனர். 1989இல் உலக நாடுகள் தந்த வாணிபத்தைத் தடுத்தன. இன்று பிளாஸ்திக்குத் தகடு அவ்விடத்தைப் பிடித்துள்ளது. தந்தம் போனதால் வீணையின் குரல் போயிற்றா? போகவில்லை. யானை உயிரோடு இருக்கிறது, வீணையும் பாடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். கண்டி மழையும் மூடுபனியும் உள்ள இடம். கிற்றாருக்கு உகந்த ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை. இங்கோ பல மாதங்களில் அதனினும் மிகும். ஈரம் ஏறினாற் பலகை உப்பும், தந்தி விரற்பலகையிலிருந்து உயர்ந்து விரலை வருத்தும், பசை இளகும், தந்தி துருப்பிடிக்கும். வீணைக்கும் இத்துன்பம் உண்டு. ஆகவே எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும், சுவரோரம் சாய்த்து வைத்து மறந்துவிட்டால் மூன்று ஆண்டில் அது விறகு. உறையும் பெட்டியும், வாசித்தபின் தந்தியைத் துடைக்கும் உலர்ந்த துணியும் வாத்தியத்தின் பகுதியே என்று எண்ணவேண்டும்.

மரத்துக்கு நம்மூரிற் பஞ்சமில்லை. எசல பெரஹராவில் முழங்கும் கண்டிய மேளமாகிய கெட்ட பெரவைக் கொன்றை, வேம்பு, பலா முதலியவற்றாற் கடைவர். எம்பெக்கைத் தேவாலயத்து மண்டபத் தூண்களைக் கண்டவர்கள் இம்மலைநாட்டு உளியின் வன்மையை அறிவர். அக்கோயில் நம் கதிர்காமப் பெருமானுக்கு உரியது. பலா மரத்தைத் தெறிக்க அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஈரப்பலாவையும் பெண்பனையையும் அதே சட்டம் காக்கிறது. ஊரெங்கும் பலா நடச்செய்த ஆர்தர் வீ. டயஸ் என்னும் பெரியாரைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று அன்போடு அழைத்தனர். பஞ்சகாலத்திற் சோறாவது பலா. இறந்தபின் பாட்டாவதும் பலா.

முடிவாக, சங்கத்துக்கு எமது பணிவான யோசனை இது. சித்திரவேலைக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிப்போம். எளிய, பொருத்து இறுகிய ஒட்டு வீணை இரண்டு வாங்குவோம். வாங்கும்பொழுது யாளியின் பல்லை எண்ணாது, வைணிகர் ஒருவரை அழைத்துச் சென்று, கண்ணை மூடி மீட்டிக் கேட்போம். ஒவ்வொரு மெட்டிலும் ஓசை இரையாமல் நிற்கிறதா என்று பார்ப்போம். குடத்தில் வெடிப்பு உண்டா, மெழுகு இறுகியதா என்று தடவிப்பார்ப்போம். மிச்சப் பணத்தை ஆசிரியரின் சம்பளத்துக்கும் மாற்றுத் தந்திக்கும் ஒதுக்குவோம். ஒரே ஏகாண்ட வீணை கண்ணாடிப் பெட்டியில் இருந்தால், பிள்ளைகள் அதனைக் கும்பிடுவார்கள், தொடமாட்டார்கள். இரண்டு எளிய வீணைகள் பாயில் இருந்தால், வாரத்துக்குப் பத்துப் பிள்ளைகள் தொடுவார்கள். தொடாத வீணையில் எந்தத் தெய்வம் குடியிருக்கும்?

கிற்றார் வாசிக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாத்தியத்தை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள் என்று யாம் கூறமாட்டோம், கொண்டே வாருங்கள். சுருதி சேர்க்கப் பழகிய காது வீணைக்கு அரைப்பாடம் கற்ற காது. நல்ல கிற்றார் இல்லாததால் வாசிக்க முடியவில்லை என்று மட்டும் கூறவேண்டாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கடதாசி அட்டையிலே தொறெஸ் பாடவைத்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மூன்று கட்சியாய் நிற்பதை விட்டு, இவ்வாண்டிற் சங்கத்து ஒவ்வொரு குடும்பமும் இடம் உள்ளவிடத்தில் ஒரு பலாக்கன்று நடவேண்டும். அது வைரம் ஏறி வாத்தியத்துக்கு ஆகுமளவுக்கு முற்றும்பொழுது, இன்று எம்மோடு இருப்போர் பலர் இருக்கமாட்டோம். ஆனால் அதற்கிடையிற் பிள்ளைகள் பழம் தின்பார்கள். பின்னர் அவர்கள் பிள்ளைகள் அதனை மீட்டுவார்கள். கண்டிப் பலாவிற் செய்த வீணை இம்மண்டபத்தில் ஒலிக்கும் நாளுக்கு இன்றே வித்திடுவோமாக.